ஆங்கில வீட்டுப்பாடமும் நம் பங்கும்



மாலை ஏழு மணி. குடும்பச் செபமாலை முடிந்துவிட்டது. வீட்டின் ஒரு மூலையில் எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஆங்கிலப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பாடத்தின் கீழே ஆறு கேள்விகள். நோட்டில் தேதி மட்டும் எழுதியிருக்கிறாள். "அம்மா, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கிறாள். அடுப்படியில் நிற்கும் அம்மா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். "அப்பா வரட்டும்மா" என்கிறார். அப்பா வேலை முடிந்து வரும்போது மணி ஒன்பதரை. அவருக்கும் ஆங்கிலம் தெரியாது. மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை, "வயிறு வலிக்குது, இன்னைக்கு ஸ்கூலுக்குப் போகல" என்கிறாள்.

நம் பங்குகளில் எத்தனையோ வீடுகளில் நடப்பது இது. வயிற்றுவலி என்று சொல்வது வெளியில் தெரியும் காரணம். உள்ளே இருப்பது, வகுப்பில் எழுந்து நிற்க வேண்டுமே என்ற பயம். அந்தப் பயம் முதலில் ஒரு நாள் விடுப்பாகிறது. பிறகு ஒரு பாடத்தின் மீது வெறுப்பாகிறது. சிலருக்குப் படிப்பே அதோடு நின்றுபோகிறது. எனவே ஆங்கில வீட்டுப்பாடத்திற்கு உதவுவது என்பது ஏதோ மதிப்பெண் சம்பந்தப்பட்ட சிறிய காரியம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. ஒரு பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு வளரப்போகிறது என்பது அதில் அடங்கியிருக்கிறது.

எப்படி உதவுவது? விவிலியத்திலேயே நமக்கு ஓர் அழகான முன்மாதிரி இருக்கிறது.

தேரில் ஏறி உட்கார்ந்த ஆசிரியர்

எத்தியோப்பிய அரசியின் நிதி அலுவலர் ஒருவர் எருசலேமுக்குச் சென்று வழிபட்டுவிட்டுத் தேரில் திரும்பிக்கொண்டிருக்கிறார். கையில் எசாயா இறைவாக்கினரின் ஏடு. வாய்விட்டுப் படிக்கிறார். ஆனால் பொருள் விளங்கவில்லை. தூய ஆவியாரின் தூண்டுதலால் பிலிப்பு அங்கே வருகிறார் (திப 8:26-40). அவர் செய்தவற்றை வரிசையாகக் கவனியுங்கள்.

முதலில், பிலிப்பு ஓடிச் சென்று தேரை நெருங்குகிறார். அந்த மனிதர் தம்மைத் தேடி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. இரண்டாவது, அவர் படிப்பதைக் காதுகொடுத்துக் கேட்கிறார். மூன்றாவது, படிப்பது விளங்குகிறதா என்று விசாரிக்கிறார். வழிகாட்ட ஒருவர் இல்லாமல் எப்படி விளங்கும் என்று அவர் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். நான்காவது, பிலிப்பு தேரில் ஏறி அவரோடு உட்காருகிறார். ஐந்தாவது, தமக்குப் பிடித்த வேறொரு பகுதியை எடுக்காமல், அந்த மனிதர் எந்த இடத்தில் தடுமாறினாரோ அதே இடத்திலிருந்து தொடங்குகிறார். கடைசியாக, பிலிப்பு அங்கிருந்து மறைந்துவிடுகிறார். அந்த மனிதரோ மகிழ்ச்சியோடு தம் வழியே போகிறார்.

நெருங்குவது, கேட்பது, விசாரிப்பது, கூட உட்காருவது, அவர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது, பிறகு விலகிக்கொள்வது. ஒரு மாணவனுக்கு உதவ நினைக்கும் எவருக்கும் இந்த ஆறும் போதும்.

பயம் மொழியைக் கற்பிக்காது

புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் முதல் பகுதியில் தம் பள்ளி நாள்களைப் பற்றி எழுதுகிறார். அவருடைய தாய்மொழி இலத்தீன். அதை அவர் குழந்தையாக இருந்தபோது, வளர்த்த தாதிகளின் கொஞ்சலிலும் சிரிப்பிலும் விளையாட்டிலும் கற்றுக்கொண்டார். கிரேக்க மொழியையோ பள்ளியில் மிரட்டலுக்கும் தண்டனைக்கும் நடுவே படித்தார். அது அவருக்குக் கசந்தது. மொழியைக் கற்க அச்சுறுத்தலைவிட ஆர்வமே அதிக வலிமை உள்ளது என்பது அவர் கண்ட முடிவு. திருச்சபையின் மாபெரும் அறிஞருக்கே இரண்டாவது மொழி கசந்தது என்றால், நம் பிள்ளைகளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

உச்சரிப்பைக் கேலி செய்வதும் ஒருவகை வன்முறையே. நீதித் தலைவர்கள் நூலில் ஒரு கொடிய நிகழ்ச்சி வருகிறது (நீத 12:5-6). யோர்தான் ஆற்றுத் துறையில் நின்ற கிலயாது மக்கள், கடக்க வந்தவர்களிடம் 'ஷிபோலத்' என்று சொல்லச் சொன்னார்கள். எப்ராயிம் குலத்தாருக்கு 'ஷி' வராது. 'சிபோலத்' என்றார்கள். அந்த ஓர் எழுத்துக்காக அவர்கள் கொல்லப்பட்டார்கள். இன்று யாரும் வாளை எடுப்பதில்லை. ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளை 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று படிக்கும்போது எழும் சிரிப்பு எதை வெட்டுகிறது? பேதுருவையும் பேச்சுதான் கலிலேயர் என்று காட்டிக்கொடுத்தது (மத் 26:73). அந்தக் கலிலேயப் பேச்சுள்ளவரைத்தான் ஆண்டவர் திருச்சபையின் பாறையாக்கினார்.

ஏன் தவறு வருகிறது என்று புரிந்துகொள்வோம்

பிள்ளை செய்யும் பல தவறுகள் அறிவுக் குறைவால் வருவன அல்ல. தமிழின் பழக்கம் ஆங்கிலத்திற்குள் நுழைவதால் வருகின்றன. காரணத்தைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும். சில எடுத்துக்காட்டுகள்:

'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் 'ப'வின் ஒலி வேறு. 'ம்' என்ற எழுத்துக்குப் பின் வரும் 'ப'வின் ஒலி வேறு. தமிழ் இரண்டுக்கும் ஒரே எழுத்தை வைத்திருக்கிறது. ஆங்கிலமோ தனித்தனி எழுத்துகளை வைத்திருக்கிறது. அந்த இரண்டு ஆங்கில எழுத்துகளின் பெயர்களையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பி' என்றே வரும்! பிள்ளை இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில் வியப்பில்லை. 'பம்பரம்' என்ற சொல்லை வைத்தே வேறுபாட்டைக் காட்டிவிடலாம்.

'ஹி கோ' என்று எழுதுகிறான். 'ஹி கோஸ்' என்று வர வேண்டும். இதற்குத் திட்ட வேண்டாம். "தம்பி, தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது, போகிறார்கள் என்று எத்தனை விதமாகச் சொல்கிறாய்! பள்ளிக்கூடம் போகும் முன்பே இதையெல்லாம் கற்றுக்கொண்டுவிட்டாய். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் 'கோ', 'கோஸ்' என்று இரண்டே இரண்டுதான்" என்று சொல்லிப் பாருங்கள். கடினமானதை ஏற்கெனவே முடித்துவிட்டோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றும்.

'எ', 'த' என்று பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சிறு சொற்கள் இன்னொரு தொல்லை. நம் பாட்டி கதை சொல்வதை நினைவுபடுத்துங்கள். "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அந்த ராஜாவுக்கு..." முதல் முறை 'ஒரு' ராஜா. அறிமுகமான பிறகு 'அந்த' ராஜா. ஆங்கிலத்தில் முதலில் 'எ கிங்', பிறகு 'த கிங்'. எல்லா இடத்துக்கும் இது போதாது என்றாலும், தொடங்குவதற்கு நல்ல கைப்பிடி இது.

கேள்விக்குப் பதில் எழுதும்போது 'ஷி டிட் வென்ட்' என்று எழுதுவது மிகவும் வழக்கமான பிழை. கேள்வியில் 'டிட்' என்ற சொல், நடந்து முடிந்தது என்ற செய்தியைச் சுமக்கிறது. அதனால் அங்கே 'கோ' என்று வெறுமனே நிற்கிறது. பதிலில் 'டிட்' போய்விடுகிறது. அது சுமந்த சுமையை 'கோ' ஏற்றுக்கொண்டு 'வென்ட்' ஆகிறது. சுமையை ஒருவர் சுமந்தால் போதும் என்று சொல்லிவிட்டால் பிள்ளை மறக்காது.

ஒரு நாளைக்கு ஒருவகைப் பிழையை மட்டும் திருத்துவது நல்லது. நோட்டு முழுவதும் சிவப்பு மையால் கோடு போட்டால், பிள்ளை அடுத்த முறை குறைவாக எழுதும். எழுதாமலே விட்டுவிட்டால் பிழையே வராது என்ற முடிவுக்கும் வந்துவிடும்.

விடையைச் சொல்லலாமா?

உதவி செய்யும் நமக்கு வரும் பெரிய சோதனை, விடையைச் சொல்லி எழுத வைத்துவிடுவது. நேரம் மிச்சமாகும். பிள்ளைக்கும் மகிழ்ச்சி. நோட்டும் நிறைந்துவிடும். ஆனால் அங்கே எழுதப்பட்டது நம் விடை. ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, இந்தப் பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று நம்புகிறார். தேர்வு நாளில் பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கும்போதுதான் உண்மை வெளிவருகிறது. கைடு பார்த்து எழுதுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

நம் ஆண்டவரிடம் திருச்சட்ட அறிஞர் ஒருவர் கேள்வி கேட்டபோது என்ன நடந்தது? திருச்சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, நீர் அதை எப்படி வாசிக்கிறீர் என்று இயேசு திருப்பிக் கேட்டார். அவர் சரியாகச் சொன்னதும் பாராட்டினார். அடுத்த கேள்விக்கு ஒரு கதை சொன்னார். கதையின் முடிவிலும் விடையைத் தாமே சொல்லாமல், மூவரில் யார் அயலாராய் இருந்தார் என்று கேட்டார் (லூக் 10:25-37). விடை அந்த அறிஞரின் வாயிலிருந்தே வந்தது. தானே கண்டடைந்த விடையைத்தான் ஒருவர் வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொள்கிறார்.

இன்று கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. கேள்வியைப் படம்பிடித்தால் சில நொடிகளில் பிழையற்ற ஆங்கிலத்தில் விடை கிடைக்கிறது. வசதியற்ற பிள்ளைக்குப் பொருள் கேட்கவும், உச்சரிப்பைக் கேட்டறியவும் இது நல்ல துணை. அதே கருவி சிந்திக்கும் வேலையையும் பறித்துக்கொண்டால் இழப்பு பிள்ளைக்குத்தான். 2025 சனவரியில் திருப்பீடம் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு பற்றிய குறிப்பும் இதையே எச்சரிக்கிறது. பல செயலிகள் மாணவர்களைத் தாங்களே விடை காணவும் எழுதவும் தூண்டாமல், விடையை மட்டும் கொடுத்துவிடுகின்றன என்று அது கவலைப்படுகிறது. எனவே பிள்ளைகளிடம் ஓர் ஒழுங்கு வைப்போம். முதலில் தானே எழுத வேண்டும். ஓரிரு வாக்கியமாக இருந்தாலும் சரி. அதன் பிறகு செயலியிடம் சந்தேகம் கேட்கலாம். அது சொன்னதை மூடி வைத்துவிட்டு, தன் சொந்த வார்த்தையில் மீண்டும் எழுத வேண்டும்.

கதையும் கவிதையும்

இலக்கியக் கேள்விகளுக்கு வருவோம். இவை மூன்று வகை. நூலில் நேராகச் சொல்லப்பட்டிருப்பதைக் கேட்பவை முதல் வகை. சொல்லாமல் உணர்த்தப்பட்டதைக் கேட்பவை இரண்டாம் வகை. நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பவை மூன்றாம் வகை. இது எந்த வகைக் கேள்வி என்று பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் விடையை எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.

ஓ. ஹென்றி 1905-இல் எழுதிய 'த கிஃப்ட் ஆஃப் த மேஜை' என்ற சிறுகதையை எடுத்துக்கொள்வோம். வறுமையில் வாடும் இளம் தம்பதியர். கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு ஒருவருக்கொருவர் பரிசு வாங்க விரும்புகிறார்கள். டெல்லா தன் அழகிய நீண்ட கூந்தலை விற்று, கணவனின் கைக்கடிகாரம் அல்ல, சட்டைப்பையில் வைக்கும் கடிகாரத்துக்கு ஒரு சங்கிலி வாங்குகிறாள். ஜிம்மோ அந்தக் கடிகாரத்தையே விற்று, அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்கி வருகிறான்.

டெல்லா எதை விற்றாள்? இது முதல் வகை. புத்தகத்தில் விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சீப்புகளைக் கண்டதும் அவள் ஏன் அழுதாள்? இது இரண்டாம் வகை. "நீ அவள் இடத்தில் இருந்தால் முதலில் எதை நினைப்பாய்?" என்று தமிழில் கேளுங்கள். அவர்கள் செய்தது அறிவீனமா, ஞானமா? இது மூன்றாம் வகை. இங்கேதான் நம் பிள்ளைகளிடம் ஒரு தனிச் செல்வம் இருக்கிறது. கதையின் தலைப்பில் வரும் மேஜை யார்? விண்மீனைப் பின்தொடர்ந்து வந்து குழந்தை இயேசுவுக்குப் பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் கொடுத்த ஞானிகள் (மத் 2:1-12). திருக்காட்சிப் பெருவிழாவையும் குடிலில் நிற்கும் ஞானிகளின் சுரூபங்களையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அகராதி தேவையில்லை. பரிசு வீணாய்ப் போனதா, அன்பு வீணாய்ப் போனதா என்று கேட்டுவிட்டுச் சற்று அமைதியாக இருங்கள். பிள்ளை பேசத் தொடங்கும். தமிழில் பேசட்டும். பேசியதை இருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் நான்கு சிறு வாக்கியங்களாக்கலாம்.

கவிதையில் வரும் அணிகளுக்குத் திருப்பாடல்களைவிட நல்ல பயிற்சி நூல் ஏது? நீரோடைக்கு ஏங்கும் மானைப்போல் தன் உள்ளம் இறைவனுக்கு ஏங்குவதாகப் பாடுகிறது 42-ஆம் திருப்பாடல். 'போல' என்று வருவதால் அது உவமை. ஆங்கிலத்தில் 'சிமிலி'. 23-ஆம் திருப்பாடல் 'போல' என்று சொல்லாமல் ஆண்டவரை ஆயராகவே காண்கிறது. அது உருவகம், 'மெட்டஃபர்'. 98-ஆம் திருப்பாடலில் ஆறுகள் கைகொட்டுகின்றன. உயிரற்றதை ஆளாகப் பாவித்துப் பேசும் இதை 'பெர்சானிஃபிகேஷன்' என்பார்கள். ஞாயிறு திருப்பலியில் பதிலுரையாகப் பாடுகிற பிள்ளைக்கு இவை புதியவை அல்ல. அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் மட்டுமே புதியவை.

இன்னொன்று: கைடு சொல்வது எப்போதும் சரியாக இருக்காது. ராபர்ட் ஃபிராஸ்ட் எழுதி 1915-இல் வெளியான 'த ரோடு நாட் டேக்கன்' பலகாலமாகப் பள்ளிகளில் படிக்கப்படும் கவிதை. பிறர் நடக்காத பாதையைத் துணிந்து தேர்ந்தெடுத்தால் வெற்றி என்பதே அதன் கருத்து என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். கவிதையை மெதுவாகப் படித்துப் பாருங்கள். இரண்டு பாதைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்கே தேய்ந்திருந்தன என்று கவிஞர் நடுவிலேயே சொல்லிவிடுகிறார். பிற்காலத்தில்தான் அதை வேறுமாதிரிச் சொல்லப்போவதாகவும் அவரே கூறுகிறார். தன் கண்ணால் படித்த பிள்ளைக்கே இது தெரியும். பிறர் சொன்னதை நம்பி எழுதாமல், எழுதியிருப்பதைப் பார்த்து எழுது என்று கற்றுக்கொடுப்பது ஆங்கிலப் பாடத்தோடு முடிவதில்லை. உண்மையை மதிக்கும் பழக்கம் அது.

மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு காலத்தில் இலக்கிய ஆசிரியராக இருந்தவர். 1964-65-இல் அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நகரில் இயேசு சபைப் பள்ளியில் அவர் பாடம் நடத்தினார். பாடத்திட்டப்படி 'எல் சிட்' என்ற பழைய காவியத்தைக் கற்பிக்க வேண்டும். மாணவர்களோ தங்கள் காலத்துக்கு நெருக்கமான கவிஞர் கார்சியா லோர்காவைப் படிக்க விரும்பினார்கள். பழைய காவியத்தை வீட்டில் படித்துவரச் சொல்லிவிட்டு, வகுப்பில் அவர்கள் விரும்பிய எழுத்தாளர்களைப் பற்றி அவர் பேசினார். 2024 சூலை 17 அன்று, உருவாக்கப் பயிற்சியில் இலக்கியத்தின் பங்கு பற்றி எழுதிய மடலில் அவரே இதை நினைவுகூர்ந்தார். பிள்ளை விரும்பும் வாசலைத் திறந்தால், அதன் வழியே மற்ற அறைகளுக்கும் அழைத்துச் செல்லலாம் என்பது நமக்குப் பாடம்.

பொறுமை இழக்கும் வேளையில்

ஐந்து முறை சொல்லிக் கொடுத்தும் ஆறாவது முறை அதே தவறு வரும்போது நம் குரல் உயர்கிறது. சில வேளை கையும் உயர்கிறது. பங்குத்தந்தையரின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியின் வாழ்வில் நடந்ததாக அவர் வரலாறு சொல்லும் ஒன்றை இங்கே நினைப்போம். இருபது வயதில்தான் அவர் குருத்துவப் படிப்புக்காக இலத்தீன் கற்கத் தொடங்கினார். தலையில் ஏறவே இல்லை. உடன் படித்த மத்தியாஸ் லோராஸ் என்ற சிறுவன் அவருக்குப் பாடத்தில் உதவினான். ஒருநாள் பொறுமையிழந்து எல்லார் முன்னிலையிலும் அவரை அடித்துவிட்டான். வயதில் எவ்வளவோ பெரியவரான வியான்னி, அந்தச் சிறுவன் முன் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார். சிறுவன் கதறி அழுது அவரைக் கட்டிக்கொண்டான். அந்த லோராஸ் பின்னாளில் அமெரிக்காவின் டுபூக் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார்.

வியான்னி இலத்தீனில் வைத்த தேர்வில் தடுமாறினார். பிறகு தாய்மொழியான பிரெஞ்சில் கேட்டபோது நன்றாகவே பதில் சொன்னார் என்றும் அவரது வரலாறு கூறுகிறது. அவருக்கு இல்லாதிருந்தது மொழி, அறிவு அல்ல. ஆங்கிலத்தில் ஊமையாக நிற்கும் நம் பிள்ளையைப் பார்க்கும்போது இதை மறக்கக் கூடாது. தமிழில் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறான் என்று வியப்பீர்கள்.

பங்கு என்ன செய்யலாம்?

இத்தாலியில் பார்பியானா என்ற மலைச் சிற்றூருக்கு 1954-இல் அனுப்பப்பட்டவர் அருள்தந்தை லொரென்சோ மிலானி. பள்ளியால் கைவிடப்பட்ட ஏழை விவசாயிகளின் பிள்ளைகளுக்குத் தம் பங்கு இல்லத்திலேயே பள்ளி நடத்தினார். அதன் சுவரில் ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள் எழுதியிருந்தார்: 'ஐ கேர்'. எனக்கு அக்கறை உண்டு என்று பொருள். ஒருவனுக்குப் புரியவில்லை என்றால், புரியும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குக் கற்பித்தார்கள். 1967-இல் அந்த மாணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து, ஏழைப் பிள்ளைகளைத் தோல்வியடையச் செய்யும் கல்விமுறையைக் கேள்வி கேட்டு 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூலை எழுதினார்கள். அதே ஆண்டு மிலானி இறந்தார். 2017 சூன் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் பார்பியானா சென்று அவர் கல்லறையில் செபித்தார்.

நமக்கு மலை ஏற வேண்டிய தேவையில்லை. பங்கு மன்றம் மாலையில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. வாரத்தில் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம் அதைத் திறந்து வைக்கலாம். கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அருள்சகோதரிகள் என உதவக்கூடியவர்கள் ஒவ்வொரு அன்பியத்திலும் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு அக்கா ஆறாம் வகுப்புத் தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். சொல்லிக்கொடுப்பவருக்கும் பாடம் உறுதிப்படும். ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதியும் சில கதைப் புத்தகங்களும் போதும். சமயம் பாராமல் தெருவிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் வரவேற்போம். கட்டணம் வேண்டாம். கதவுகள் திறந்திருக்கட்டும். எப்போதும் பெரியவர்கள் இருவராவது இருக்கட்டும். பெற்றோரின் சம்மதம் பெற்றுப் பிள்ளைகளைச் சேர்ப்போம். பிள்ளைகளின் பாதுகாப்பு, படிப்பைவிட முதன்மையானது.

ஆங்கிலம் தெரியாத பெற்றோரே, உங்களுக்கும் இதில் பெரிய இடம் உண்டு. "இன்னைக்கு என்ன கதை படிச்ச? சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லச் சொல்ல, "அப்புறம் என்ன ஆச்சு? அவ ஏன் அப்படிச் செஞ்சா?" என்று கேளுங்கள். இலக்கிய ஆசிரியர் வகுப்பில் கேட்பதும் இதே கேள்விகளைத்தான். தொலைக்காட்சியை ஒரு மணி நேரம் அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பிலிப்பு தேரில் ஏறி உட்கார்ந்தது போல.

தொடக்கத்தில் பார்த்த அந்த மகளை மீண்டும் நினைப்போம். இன்று மாலையும் அவள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். சின்னஞ்சிறிய சகோதரர் சகோதரிகளுக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக ஏற்றுக்கொள்ளும் ஆண்டவர் (மத் 25:40), அந்த ஆறு கேள்விகளுக்கு அருகிலும் உட்கார்ந்திருக்கிறார். நம் தெருவில் எந்த வீட்டில் அந்தப் பிள்ளை இருக்கிறது என்று இந்த வாரமே விசாரிப்போம். அடுத்த அன்பியக் கூட்டத்தில் இதைப் பேசுவோம்.

சிறுவனாய் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து, கேட்டும் வினவியும் வளர்ந்த இயேசுவே, எங்கள் பிள்ளைகளின் கேள்விகளுக்கு முன் பொறுமையோடு அமர எங்களுக்கு அருள் தாரும். நாங்கள் விலகிய பின்னும் அவர்கள் மகிழ்ச்சியோடு தங்கள் வழியே செல்லும்படி செய்தருளும். ஆமென்.